எண்பதாம் திசையில் ஒரு கப்பல்

காலை பத்தேகால் மணிக்கு உள்ளே வந்த மனிதர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"மேடம், ஒருத்தன் தூங்கினானா இல்லையான்னு அவனுக்கே தெரியாம இருக்குமா?"

"தாராளமா இருக்கும். எங்க வீட்டுக்காரர் டிவி முன்னால உக்காந்து தினமும் அதைத்தான் நிரூபிக்கிறார்" என்றார் விசாரணையாளர்.

"எங்க அண்ணனைச் சொல்றாங்க" என்று பக்கத்து மேசையிலிருந்து விளக்கம் வந்தது.

துறைமுகத்தைப் பார்த்த அந்த இரண்டாவது மாடி அறையில் அவர்கள் இருவர்தான். கப்பல் மோதல், நனைந்த சரக்கு, காணாமல் போன நங்கூரம் என்று கடல் சம்பந்தமான சிக்கல்களை விசாரித்துச் சொல்வது அந்த அம்மாளின் தொழில். உதவிக்கு அவருடைய கொழுந்தன். நாற்பது வயது, ரேடியோ பழுதுபார்க்கும் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அண்ணியுடன் துப்பறிய வந்துவிடுவார். சட்டையில் எப்போதும் ஈயம் உருக்கிய வாசனை இருப்பதால் துறைமுகமே அவரைச் 'சாலிடர்' என்றுதான் கூப்பிடும்.

வந்தவர் ராடார் ஆபரேட்டர். கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றின்மேல் கடற்காவல் படையின் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு வரை திரையைப் பார்ப்பது அவர் வேலை. நீரிணையின் இந்தக் கரை நம்முடையது. அந்தக் கரை அடுத்த நாட்டுடையது. நடுவில் வரைபடத்தில் மட்டும் இருக்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டை யார் தாண்டுகிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் குன்று, ராடார், சம்பளம் எல்லாம்.

"முந்தாநாள் காலைல ஆறு நாப்பதுக்கு ஒரு மீன்பிடிப் படகுலருந்து ரேடியோவுல தகவல் வந்துச்சு. சாம்பல் கலர் கப்பல் ஒண்ணு, அசையாம நிக்குது, கலங்கரை விளக்கத்துலருந்து எம்பது டிகிரி, பதினாலு மைல்னு. அது நம்ம பக்கம் மேடம். கோட்டுக்கு நாலு மைல் உள்ள. அந்த நேரத்துல திரை முன்னால நான்தான் இருந்தேன். என் பதிவேட்டுல அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல."

"ஆள் அனுப்பிப் பாத்தாங்களா?"

"ஒன்பது மணிக்கு ரோந்துப் படகு போச்சு. வெறும் தண்ணி. அதுக்குள்ள கிளம்பிருச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"திரையில வந்தது எதுலயும் சேமிச்சிருக்காதா?" என்று சாலிடர் ஆர்வமாகக் கேட்டார்.

"பழைய மெஷின் சார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ததைக் கையால எழுதணும். அன்னிக்கு அசையாம நின்ன கப்பல்னு நான் எழுதினது ஒண்ணே ஒண்ணு. அதுவும் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவங்க தண்ணியில. நாலு நாளா அங்கயே நின்னு அன்னிக்குச் சாயங்காலம் போயிருச்சு. ராத்திரி பூரா அதையேதான் வரிவரியா எழுதியிருக்கேன். 'பாக்காமலே மேல இருக்கிற வரியைக் கீழ காப்பி அடிச்சிருக்கே'ன்னு கேக்கறாங்க." அவர் குரல் இறங்கியது. "வீட்டுல இருபது நாள் குழந்தை. பகல்ல மூணு மணி நேரம் தூங்கினா அதிகம். எழுதினது ஞாபகம் இருக்கு மேடம். பாத்தது ஞாபகம் இல்ல. அதான் கேட்டேன்."

"உங்களை விசாரிக்கிற குழு எப்பக் கூடுது?"

"இன்னிக்கு நாலு மணிக்கு. நான் தூங்கலேன்னா, ராடாருக்குத் தெரியாத கப்பல் அவங்க கிட்ட இருக்குன்னு அர்த்தம். அது இன்னும் மோசம். ரெண்டுல எதுவா இருந்தாலும் அஞ்சு மணிக்கு நம்ம போர்க்கப்பல் ரெண்டு அந்த இடத்துக்குக் கிளம்புது. என் சார்பா ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருக்காங்க."

விசாரணையாளர் எழுந்து கைப்பையை எடுத்தார். சாலிடர் அதற்கு முன்பே படிக்கட்டில் இருந்தார்.

*

ரேடியோ அறை குன்றின் அடிவாரத்தில் இருந்தது. ஒரு மேசை, இரண்டு ரேடியோப் பெட்டிகள், சுவரில் ஒட்டிய காகிதங்கள். அவற்றில் புதிதாக இருந்தது சிவப்பு முத்திரை குத்திய ஒரு சுற்றறிக்கை: 'இந்த வாரம் 70 முதல் 90 டிகிரிவரை சிறப்புக் கவனம். அத்துமீறல் எதிர்பார்க்கப்படுகிறது.'

அன்று பணியில் இருந்த பெண் ஆபரேட்டர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அச்சடித்தது போன்ற கையெழுத்து. கப்பல்களிலிருந்து வந்த தகவல்களில் திசை எல்லாம் மூன்று இலக்கம்: 075, 110, 042. படகிலிருந்து வந்த அந்த ஒரு வரியில் மட்டும் வெறும் '80'.

"இதுல மட்டும் முன்னால சைபர் போடலையேம்மா?"

"கப்பல்காரங்க ஒவ்வொரு எண்ணாச் சொல்வாங்க மேடம். படகுக்காரங்க வீட்டுல பேசற மாதிரிதான் பேசுவாங்க. சொன்னதை அப்படியே எழுதினேன். மூணு மாசம் முன்னாலதான் அவங்களுக்கெல்லாம் ரேடியோவும் திசை அட்டையும் கொடுத்தோம். சாம்பல் கப்பல் எங்க தெரிஞ்சாலும் சொல்லுங்கன்னு."

அட்டையையும் காட்டினார். நடுவில் கலங்கரை விளக்கம். அதைச் சுற்றி வட்டம். வடக்கே சைபர், கிழக்கே தொண்ணூறு, அப்படியே சுற்றி வந்தால் முந்நூற்றறுபது. பத்து டிகிரிக்கு ஒரு கோடு, மைலுக்கு ஒரு வளையம். கப்பல் எந்தக் கோட்டில், எத்தனையாவது வளையத்தில் என்று சொன்னால் போதும். எளிமையான, நல்ல ஏற்பாடு.

"அந்தப் படகுக்காரர் எப்படி?"

ஆபரேட்டர் சிரித்துவிட்டார். "ஹாரன் அண்ணனா? தங்கமான மனுஷன். காலைல ரேடியோவைத் தொறந்தா முதல் குரல் அவருதுதான், ஹாரன் அடிச்ச மாதிரி. என்ன, அவர் வணக்கம் சொன்னா 'ணக்கம்'னுதான் வரும். 'வ' எப்பவும் கடல்லயே விழுந்துடும். ஆனா இந்த விஷயத்துல சந்தேகமே இல்ல மேடம். அப்பவே ரேடியோவுல திருப்பிக் கேட்டேன், ஆமான்னார். மறுநாள் வாக்குமூலத்தை எங்க ஆளு படகுத்துறையில வச்சு வாசிச்சுக் காட்டினாரு. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டார்."

"கையெழுத்துப் போடும்போது கண்ணாடி போட்டிருந்தாரா?"

"அது தெரியலயே..."

*

ஹாரன் அண்ணனின் படகு எஞ்சினை அணைக்காமலே துறையில் நின்றது. பம்பு தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பாய்மரக் கம்பத்தின் உச்சியில் தகரத்தால் செய்த எட்டுமுகப் பெட்டி ஒன்று பளபளத்தது.

"இது எதுக்குங்கண்ணே?" என்று விசாரணையாளர் கத்தினார். கத்தினால்தான் கேட்கும்.

"ராடாருக்குத் தங்கச்சி! மரப்படகு திரையில தெரியாதாம். இதை மாட்டினா குன்றுலருந்தே தெரியுதாம். ராடார் தம்பிதான் மாட்டச் சொன்னாரு."

சாலிடர் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் கேள்விகளை அடுக்கினார். படகின் நீளம், எஞ்சினின் சக்தி, எத்தனை வருட அனுபவம். விசாரணையாளர் அதற்குள் எஞ்சினைச் சுற்றி வந்து அதன் பித்தளைத் தகட்டைத் துடைத்துப் படித்தார். பிறகு வந்து, "அந்தக் கப்பல் எப்படி இருந்துச்சு? அதுலருந்து எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு மைல் இருக்கும். பாத்துட்டே தெற்கால வந்துட்டேன். சாம்பல் கலரு. முன்பக்கம் கயித்துல ஒரு கறுப்பு உருண்டையைத் தொங்கவிட்டிருந்தான். இம்மாம் பெருசு." கைகளை விரித்துக் காட்டினார்.

திரும்பி நடக்கும்போது சாலிடருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அண்ணி, ரெண்டு விஷயம் கண்டுபிடிச்சுட்டேன். ஒண்ணு, அந்தக் கறுப்பு உருண்டை. ராடார் அலையை உறிஞ்சற புதுக் கருவி. அதனாலதான் திரையில தெரியல!"

"ரெண்டாவது?"

"முதல் விஷயத்துக்கு இடிக்குது, அதான் யோசிக்கிறேன். ஹாரன் புளுகுறாரு. எஞ்சின் எம்பது குதிரைச் சக்தின்னாரு, எழுதி வச்சிருக்கேன் பாருங்க. நீங்க தகட்டைத் துடைச்சப்ப எட்டிப் பாத்தேன், அதுல 50னு போட்டிருக்கு. எஞ்சின் விஷயத்துலயே முப்பது கூட்டிச் சொல்றவர், கப்பல் விஷயத்துல என்ன சொல்ல மாட்டார்?"

விசாரணையாளர் நின்றார். நோட்டை வாங்கிப் பார்த்தார். '80 குதிரை' என்று சாலிடரின் கோணல் எழுத்தில் இருந்தது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"நீங்க கண்டுபிடிச்ச ரெண்டும் ரொம்ப முக்கியம், கொழுந்தனாரே. ரெண்டுலயும் உங்க முடிவுதான் தப்பு. கடையில கையில பிடிச்சுப் பேசற ரேடியோ ரெண்டு இருக்குமா?"

"நாலு இருக்கு."

"ரெண்டு போதும். அப்புறம் ஹாரன் அண்ணனை நாலு மணிக்குக் கண்ணாடியோட வரச் சொல்லுங்க. நான் போய்க் கடல் ஆழத்தைப் பாத்துட்டு வரேன்."

"கடலுக்கா போறீங்க?"

"வரைபடத்துல."

*

நாலு மணிக்குக் குன்றின்மேல் கூடிய கூட்டத்தில் கடற்காவல் தளபதி நடுவில் இருந்தார். இருபுறமும் இரண்டு அதிகாரிகள், எதிரே ரேடியோ ஆபரேட்டர், ஓரத்தில் ராடார் ஆபரேட்டர். தளபதி கோபக்காரர் அல்ல, களைத்தவர்.

"மேடம், எனக்கும் இது பிடிக்கல" என்றார். "ராடாருக்குத் தெரியாம ஒரு கப்பல் நாலு மைல் உள்ள வந்திருக்குன்னா, இந்த நீரிணைக் காவலே ஓட்டைன்னு அர்த்தம். சும்மா இருந்தா நாளைக்கு ஆறு மைல் வருவாங்க. அதனால நான் ரெண்டு கப்பல் அனுப்பித்தான் ஆகணும். அவங்க நாலு அனுப்புவாங்க. அப்புறம் எந்தப் பக்கத்துப் பையன் முதல்ல பதறுறான்கிறதுலதான் எல்லாம் இருக்கு. சொல்லுங்க, உங்க ஆள் தூங்கினாரா?"

"சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன விளையாட்டு. எல்லாரும் ஆளுக்கொரு காகிதம் எடுத்துக்குங்க. ஹாரன் அண்ணன் வெளியில படிக்கட்டுல இருக்கார். ஒரு சீட்டுல எண் எழுதிக் கொடுத்திருக்கேன். அதை ரேடியோவுல வாசிப்பார். கேட்டதை எழுதுங்க."

சாலிடர் மேசைமேல் வைத்த கருவி கரகரத்தது. பிறகு ஒரு பெரிய குரல்: "...ம்பது டிகிரி!"

தளபதி எழுதியது 80. அதிகாரிகள் இருவரும் 80. ரேடியோ ஆபரேட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எதையும் எழுதாமல், வெளுத்த முகத்தோடு இருந்தார்.

ஹாரன் அண்ணன் உள்ளே வந்து சீட்டைத் தளபதியிடம் நீட்டினார். அதில் 50 என்று இருந்தது.

"அம்பதுன்னு நல்லா வாய்விட்டுத்தானே சொன்னேன்?" என்றார் அவர்.

"ஒம்பதாக்கூட இருக்கலாம்" என்று சாலிடர் குதித்தார். "சார், இது என் தொழில், நான் சொல்றேன்! பித்தானை அழுத்தினதும் ரேடியோ உடனே அனுப்பாது. கண் சிமிட்டற நேரம் எடுத்துக்கும். அழுத்தும்போதே பேசினா முதல் எழுத்து காத்துல போயிடும். 'வணக்கம்' 'ணக்கம்' ஆயிடும். அம்பதுல 'அ' போனாலும் எம்பதுல 'எ' போனாலும் கிடைக்கிறது ஒரே 'ம்பது'தான்!"

"மீதியைக் காது நிரப்பிக்குது" என்று விசாரணையாளர் தொடர்ந்தார். "எதை வச்சு? எதிர்பாக்கறதை வச்சு. ரேடியோ அறைச் சுவர்ல எழுபதுலருந்து தொண்ணூறு வரை கவனம்னு சிவப்பு முத்திரையோட ஒட்டியிருக்கு. அந்தப் பொண்ணு கேட்டது எம்பது. நீங்களும் இந்த ரெண்டு நாளா எம்பதுலயே இருக்கீங்க, அதனால நீங்களும் எம்பதுன்னு எழுதினீங்க. எங்க கொழுந்தனார் எஞ்சின் சத்தத்துல அம்பது குதிரையை எம்பதாக்கி, அவரைப் புளுகன்னுட்டார்."

"யாரு புளுகன்?" என்றார் ஹாரன் அண்ணன்.

"அது... அண்ணே, அது ஒரு பேச்சுக்கு" என்று சாலிடர் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தார்.

தளபதி கையை உயர்த்தினார். "திருப்பிக் கேட்டிருக்காங்களே. வாசிச்சுக் காட்டியிருக்காங்களே."

"'எம்பதுதானே?'ன்னு கேட்டாங்க. இவருக்கு அம்பதுன்னு கேட்டுச்சு. 'ஆமா, அம்பதுதான்'னார். அவங்களுக்கு எம்பதுன்னு கேட்டுச்சு. வாக்குமூலம் வாசிச்சதும் படகுத்துறையில, எஞ்சின் பக்கத்துல. அண்ணே, கையெழுத்துப் போட்டப்பக் கண்ணாடி?"

"வீட்டுல இருந்துச்சு" என்றார் ஹாரன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு.

"சரி. அம்பதா இருந்திருக்கலாம்னு நிரூபிச்சுட்டீங்க. அம்பதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

நல்ல கேள்வி. விசாரணையாளருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. கடல் வரைபடத்தை மேசைமேல் விரித்தார்.

"அண்ணே, அந்தக் கப்பல் முன்னால என்ன தொங்குச்சு?"

"கறுப்பு உருண்டை."

தளபதி சட்டென நிமிர்ந்தார். அதிகாரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார் விசாரணையாளர். "மத்தவங்களுக்காகச் சொல்றேன். பகல்ல ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்னா முன்பக்கம் கறுப்பு உருண்டையைத் தொங்கவிடணும். 'நான் நிக்கிறேன், என்மேல மோதாதே'ன்னு அர்த்தம். உலகம் பூராவும் இதுதான் விதி. இப்ப ஆழத்தைப் பாருங்க. எண்பது டிகிரி, பதினாலு மைல்: அறுநூறு மீட்டர். அங்க நங்கூரம் போட்டா அது அடியைத் தொடவே தொடாது. ஐம்பது டிகிரி, பதினாலு மைல்: மணல் திட்டு, இருபத்திரண்டு மீட்டர். ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஏழு மைல். மணல் திட்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவங்க கப்பல், அவங்க தண்ணியில, விதிப்படி உருண்டையைத் தொங்கவிட்டுட்டு நின்னிருக்கு."

ராடார் ஆபரேட்டர் மெதுவாகச் சொன்னார்: "நான் எழுதினது அந்தக் கப்பல்."

"ஆமா. ரெண்டு பேரும் ஒரே கப்பலைத்தான் பாத்திருக்கீங்க."

"ஆனா மேடம்," அவர் தடுமாறினார், "பாத்து எழுதினேனா, காப்பி அடிச்சேனா? அது இன்னும்..."

கூட்டத்தில் எல்லாருக்கும் கப்பல்தான் கவலை. அவருக்கு மட்டும் அந்தப் பழைய கேள்விதான். விசாரணையாளர் ராடார் பதிவேட்டைத் திறந்து, விரலால் ஒரு வரியைக் காட்டி, சத்தமாக வாசித்தார்.

"ஆறு இருபது: பூஜ்யம் ஐந்து பூஜ்யம், பதினாலு மைல், அசையவில்லை. ஆறு முப்பது: அதேதான். ஆறு நாற்பது: அதேதான், அதுக்குக் கீழே இன்னொண்ணு. பூஜ்யம் ஐந்து இரண்டு, பதிமூணு மைல், சிறிய புள்ளி, தெற்கே நகர்கிறது." பதிவேட்டை மூடினார். "கப்பலுக்கு ஒரு மைல் தள்ளி, தெற்கு நோக்கி, ஆறு நாப்பதுக்கு. அந்தப் புள்ளி யாரு?"

"நான்தான்!" என்றார் ஹாரன் அண்ணன், தன் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர் போல. "தகரப் பெட்டி!"

"மேல் வரியைக் காப்பி அடிக்கிறவருக்கு, மேல் வரியில இல்லாத படகு எப்படித் தெரியும்? தகவல் ரேடியோவுல வந்த அதே நிமிஷம், தகவல் சொன்ன படகையே நீங்க பாத்து எழுதியிருக்கீங்க. உங்களைக் குத்தம் சொல்ல வந்த சாட்சியே உங்க சாட்சி." அவர் குரல் கனிந்தது. "நீங்க தூங்கல தம்பி. அசதியில ஞாபகம் தங்கல, அவ்வளவுதான். கண்ணு வேலை செஞ்சிருக்கு."

ராடார் ஆபரேட்டர், இரண்டு நாளாகத் தோளில் ஏற்றி வைத்திருந்ததை யாரோ இறக்கி வைத்ததுபோல, சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

தளபதி தொலைபேசியை எடுத்தார். மணி நாலு ஐம்பத்திரண்டு. "கப்பல் கிளம்ப வேண்டாம். ஆமா, ரெண்டும். கயித்தைத் திரும்பக் கட்டச் சொல்லுங்க." வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்துக்கு ஆறு கப்பல்."

ரேடியோ ஆபரேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னோடதுதான் சார்."

"சுவர்ல அந்தக் காகிதத்தை ஒட்டச் சொன்னது நான்" என்றார் தளபதி. "உன் காதுக்குள்ள எம்பதைப் போட்டதே நான்தான். மேடம், இனிமே இது நடக்காம இருக்க என்ன பண்ணணும்?"

"பதிலை நீங்களே வாயில போட்டுக் கேக்கக் கூடாது. 'எம்பதுதானே?'ன்னு கேட்டா ஆமான்னுதான் வரும். 'திசையை மறுபடி சொல்லுங்க'ன்னு கேளுங்க. மத்ததைச் சாலிடர் எழுதித் தருவார்."

சாலிடர் பெருமையோடு பேனாவைத் திறந்தார். "தளபதி சார், அந்தப் பெஞ்சுல..." என்று ஏதோ சொல்ல வந்து குரலைத் தாழ்த்தினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராடார் ஆபரேட்டரின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சீரான குறட்டை.

"இப்ப தூங்குறார்" என்றார் விசாரணையாளர். "இதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம்."

"எழுப்பாதீங்க" என்று தளபதி கிசுகிசுத்தார். "அவர் ஷிப்டை வேற யாராவது பாக்கட்டும்." அதிகாரிகள் நாற்காலியைத் தூக்கி, சத்தமில்லாமல் நகர்த்தி வைத்துவிட்டு வெளியேறினார்கள். ஹாரன் அண்ணன் வாழ்க்கையில் முதன்முறையாக நுனிக்காலில் நடந்தார்.

அன்று மாலையே சிவப்பு முத்திரைச் சுற்றறிக்கை சுவரிலிருந்து இறங்கியது. அதே இடத்திலும், துறையில் நின்ற ஒவ்வொரு படகின் ரேடியோவுக்கு மேலும், சாலிடரின் கோணல் எழுத்தில் இந்த அட்டை ஏறியது:

பித்தானை அழுத்து. மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணு. பிறகு பேசு. ஐம்பது என்று சொல்லாதே; சைபர், ஐந்து, சைபர் என்று சொல்.